நெஞ்சுக் காயப் பெட்டி: உள்ளே இருப்பவை எந்த அளவுக்குத் தேறும்?

நெஞ்சில் அடிபட்டு அவசரப் பிரிவுக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு நெஞ்சைத் திறந்து செய்யும் ஆபரேஷன் தேவைப்படுவதில்லை. வண்டி மோதியோ உயரத்திலிருந்து விழுந்தோ வருபவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாகவே அது தேவை. கத்தி, துப்பாக்கிக் காயங்களில் 15 முதல் 30 பேர் வரை. மிச்சப் பேரைக் கரையேற்றுவது ஆக்சிஜன், ரத்தம், வலி மருந்து, ஒரு ஊசி, ஒரு டியூப், ஒரு தண்ணீர் பாட்டில். இந்தக் கடைசி மூன்றும் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும். அந்தப் பெட்டியைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறோம்.

தயாராகக் கட்டி விற்கும் கிட்களும் உண்டு, ஸ்டோரில் இருப்பதைச் சேர்த்து ஊழியர்களே கட்டி வைப்பவையும் உண்டு. சாமான் ஏறத்தாழ ஒன்றுதான்: நீளமான கானுலா (எஃகு ஊசிமேல் பிளாஸ்டிக் குழாய்), நெஞ்சு ஓட்டையை மூடும் செஸ்ட் சீல், பிளேடு, வளைந்த ஃபோர்செப்ஸ், விலா இடைவெளியில் செருகும் ஐசிடி டியூப், அது போய்ச் சேரும் தண்ணீர் பாட்டில் (அண்டர்வாட்டர் சீல்), தையல் நூல். உறையில் அச்சிட்டிருக்கும் பெருமைகளை நம்பி இவற்றை எடைபோட முடியாது. எல்லாவற்றுக்கும் வேலை ஒன்றே: உள்ளே சிக்கிய காற்றும் ரத்தமும் வெளியே வர ஒரு வழி, காற்று திரும்ப உள்ளே போகாமல் ஒரு தடை. அந்த வழி எப்போது மடங்கும், எப்போது அடைக்கும், எப்போது உருவிக்கொண்டு வரும், அவசரத்தில் யார் கையில் தலைகீழாக மாட்டப்படும் என்று கேட்டுப் பார்த்தால் சாமானின் தரம் தெரிந்துவிடும். அந்தக் கேள்வியை வைத்தே ஒவ்வொன்றையும் எடைபோட்டிருக்கிறோம். பயிற்சி பெற்ற டாக்டர், நர்ஸ், ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்காக எழுதியது இது. ஊசியும் பிளேடும் மற்றவர்கள் தொடக் கூடாதவை.

எப்போது திறப்பது

நுரையீரலைச் சுற்றிச் சேரும் காற்று வெளியேற வழியில்லாமல் அழுத்தமாக மாறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைத் தடுத்துவிட்டால் அது டென்ஷன் நியூமோதோராக்ஸ். எக்ஸ்ரே வரட்டும் என்று காத்திருக்கக் கூடாத நிலை. ஆளைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். மூச்சு வாங்கும், நாடி வேகமாக ஓடும், பிபி இறங்கும். ஒரு பக்க நெஞ்சு சரியாக ஏறி இறங்காது, அந்தப் பக்கம் ஸ்டெத்தில் சத்தம் இருக்காது, விரலால் தட்டினால் மத்தளம் போல வெற்றொலி கேட்கும். மூச்சுக்குழாய் எதிர்ப்பக்கம் தள்ளிப் போவதைப் பாடத்தில் முதல் வரியில் படித்திருப்போம். நிஜத்தில் அது கடைசியாக வரும் அறிகுறி, பல பேரிடம் வருவதே இல்லை. கழுத்து நரம்பு (சிரை) புடைக்கும் என்பதும் அப்படித்தான். ரத்தம் நிறையப் போயிருந்தால் புடைக்க எதுவும் இருக்காது.

தானாக மூச்சு விடுபவர் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிப்பார், பிபி விழுவது கடைசியில்தான். வென்டிலேட்டரிலோ ஆம்பு பேக்கிலோ இருப்பவருக்குக் கதை வேறு: பேக்கை அமுக்கக் கை வலிக்கும், ஏர்வே பிரஷர் அலாரம் அடிக்கும், சேச்சுரேஷனும் பிபியும் சில நிமிடங்களில் சரிந்துவிடும். இங்கே ஒரு எச்சரிக்கை. மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட்ட கையோடு இடது நெஞ்சில் சத்தம் இல்லை என்றால், ஊசியை எடுப்பதற்கு முன் பற்களருகே டியூபின் சென்டிமீட்டர் குறியைப் பாருங்கள். பெரியவருக்கு 21 முதல் 23 வரை இருக்க வேண்டியது 27 என்று காட்டினால் டியூப் வலது மூச்சுக்கிளைக்குள் இறங்கியிருக்கிறது. இழுத்து வைத்தாலே சத்தம் திரும்பிவிடும்.

தட்டினால் மந்தமாக ஒலித்தால் உள்ளே இருப்பது ரத்தம். இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் சரியாக இருந்து, பிபி மட்டும் தரையில் கிடந்து, கழுத்து நரம்பும் புடைத்திருந்தால் இதய உறைக்குள் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று ஸ்கேன் வைத்துப் பாருங்கள். இந்தப் பெட்டியால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, சர்ஜன்தான் வர வேண்டும்.

ஊசி: நீளம்தான் எல்லாம்

பல இடங்களில் பெட்டிக்குள் கிடப்பது நரம்பில் போடும் சாதாரண 14 கேஜ் கானுலா. நீளம் 4.5 அல்லது 5 செ.மீ. பெரியவர்களின் நெஞ்சுச் சுவரைத் தாண்டி ப்ளூராவுக்குள் (நுரையீரலைச் சுற்றிய உறைக்குள்) போக அது போதாமல் போவது சகஜம். டாக்டர்களுக்கான காயச் சிகிச்சைப் பயிற்சியான ஏடிஎல்எஸ் பாடத்திட்டம் சொல்லும் கணக்கு இது: 5 செ.மீ. ஊசி பாதிப் பேருக்குச் சற்று மேல் போய்ச் சேரும், 8 செ.மீ. ஊசி 90 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்குப் போய்ச் சேரும். பாதிக்குப் பாதி தோற்கக்கூடிய ஒன்றை உயிர் காக்கும் சாமான் என்று பெட்டியில் வைப்பதில் அர்த்தமில்லை. பெரியவர்களுக்கான பெட்டியிலிருந்து குட்டை ஊசியை எடுத்துவிடலாம். போர்க்கள மருத்துவ வழிகாட்டிகள் கேட்பது 8.25 செ.மீ. நீளம், 14 அல்லது 10 கேஜ்.

இடமும் மாறியிருக்கிறது. 2018இல் வந்த ஏடிஎல்எஸ் பத்தாம் பதிப்பு பெரியவர்களுக்கு 4 அல்லது 5ஆவது விலா இடைவெளியில், அக்குளின் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால் குத்தச் சொல்கிறது. குழந்தைகளுக்குப் பழைய இடமே: காறை எலும்பின் நடுக்கோட்டில் 2ஆவது இடைவெளி. பழைய இடத்தில் என்ன கோளாறு என்றால், அவசரத்தில் கை எப்போதும் நடுநெஞ்சை நோக்கி நகரும். காறை எலும்பின் நடு என்று நினைத்துக் குத்துவது பல நேரம் அதற்கு உள்ளே விழும். அங்கே மார்பு உள்தமனியும் அதற்கப்பால் பெரிய ரத்தக்குழாய்களும் இருக்கின்றன. பக்கவாட்டு இடத்தின் ஆபத்து கீழே இறங்கிவிடுவது. அப்படி இறங்கினால் வலப்பக்கம் கல்லீரல், இடப்பக்கம் மண்ணீரல்.

குத்தும் முறை: கீழ் விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி, தோலுக்குச் செங்குத்தாக. விலாவின் கீழ் விளிம்பில் நரம்பும் தமனியும் ஓடுவதால் அந்தப் பக்கம் போகக் கூடாது. ப்ளூராவைத் தாண்டும்போது சட்டென்று ஒரு தளர்வு கையில் தெரியும். காற்று வெளியேற 5 முதல் 10 நொடி ஊசியை அப்படியே பிடித்திருந்து, பிறகு எஃகை உருவிப் பிளாஸ்டிக்கை மட்டும் விட வேண்டும். ஒல்லியானவருக்கு, குறிப்பாக இடப்பக்கம், 8 செ.மீ. எஃகையும் கண்ணை மூடிக்கொண்டு இறக்காதீர்கள். தளர்வு தெரிந்ததும் எஃகை அங்கேயே நிறுத்தி, பிளாஸ்டிக்கை மட்டும் அதன்மேல் முன்னே தள்ளுங்கள்.

கானுலாவின் பின்முனையைக் கொஞ்சம் கிட்டப் பாருங்கள். ரத்தம் ஏறித் தெரியும் சிறு அறைக்குப் பின்னால் ஒரு குட்டி மூடி இருக்கும். நரம்பில் போடும்போது ரத்தம் சிந்தாமலிருக்க வைத்தது. அதைக் கழற்றாமல் நெஞ்சில் குத்தினால் காற்று தாராளமாக வெளியே வராது. "சத்தமே வரலை, டென்ஷன் இல்லை" என்று தவறான முடிவுக்கு வந்து ஊசியை எடுத்துவிடுவார்கள். மூடியைக் கழற்றிவிட்டு, 10 மிலி சிரிஞ்சில் 3, 4 மிலி சலைன் எடுத்து மாட்டி, இழுத்துக்கொண்டே குத்தினால் குமிழி கண்ணுக்குத் தெரியும். ஓடும் ஆம்புலன்ஸில் 'உஸ்' சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது?

எந்த ஊசியாக இருந்தாலும் சில நிமிடங்களுக்கே நம்பலாம். 14 கேஜின் உள்விட்டம் 2 மி.மீ. கூட வராது, ஒரு சிறு ரத்தக்கட்டி போதும் அடைக்க. எஃகை எடுத்ததும் மென்பிளாஸ்டிக் தசைக்குள் மடங்கும். பக்கவாட்டில் போட்டிருந்தால், நோயாளியின் கையை இறக்கி வைத்து ஸ்ட்ரெச்சரில் பெல்ட் கட்டியதுமே மடங்கிவிடலாம். ஆள் மறுபடி மோசமானால் "ஊசிதான் போட்டாச்சே" என்று நிற்காமல் பக்கத்திலேயே இன்னொன்று போடுங்கள், அல்லது பிளேடுக்குப் போங்கள். நெஞ்சுக்கென்றே செய்த ஊசிகள் சற்று விறைப்பானவை, கெட்டியான குழாய்க்குள் வருகின்றன, சிலவற்றில் பக்க ஓட்டைகளும் உண்டு. நீளத்துக்கும் விறைப்புக்கும் கூடுதலாகக் கொடுக்கலாம். வண்ண மூடி, பிடிப்பு வளையம் இவையெல்லாம் அலங்காரம். பக்கத்துக்கு இரண்டாக நான்கு இருந்தால் போதும்.

செஸ்ட் சீல்

நெஞ்சுச் சுவரில் உள்ள ஓட்டை மூச்சுக்குழாயின் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை எட்டிவிட்டால், மூச்சு இழுக்கும்போது காற்று மூக்கு வழியாகப் போவதை விட்டு ஓட்டை வழியாகப் போகும். நுரைத்த ரத்தமும் உறிஞ்சும் சத்தமும் அடையாளம். சதுரமாக வெட்டிய பிளாஸ்டிக்கை மூன்று பக்கம் பிளாஸ்டர் போட்டு ஒட்டுவது பழைய முறை. வேறெதுவும் இல்லாவிட்டால் இன்றும் அதுதான். ஆனால் வியர்வையும் ரத்தமும் படிந்த தோலில் பிளாஸ்டர் பிடிக்காது. திறந்திருக்க வேண்டிய நான்காவது பக்கமோ உறைந்த ரத்தத்தில் தானாகவே ஒட்டிக்கொள்ளும்.

கடைச் சீல்களில் வாங்கும்போது பார்க்க வேண்டியது பசையும், காற்று வெளியேறும் வழியான வென்ட்டும். ரத்தத்திலும் முடியிலும் ஒட்டாத பசை எவ்வளவு நல்ல வால்வையும் வீணாக்கிவிடும். நடுவில் கோபுரம் மாதிரி வால்வு நிற்கும் ஆஷர்மன் சீல் இந்தத் துறையில் முன்னோடிதான். ஆனால் ரத்தம் படிந்த தோலில் அது சரியாக ஒட்டுவதில்லை என்பது விலங்குச் சோதனைகளிலேயே தெரிந்த விஷயம். தவிர, நீட்டிக்கொண்டிருக்கும் வால்வு போர்வையில் மாட்டும், நோயாளியைப் புரட்டும்போது நசுங்கும். ஹைஃபின் வென்ட் போலத் தட்டையான கால்வாய்கள் மூன்று திசையில் ஓடும் வகைக்கு எங்கள் ஓட்டு. ஒரு கால்வாய் ரத்தத்தில் அடைத்தாலும் மற்றவை திறந்திருக்கும். வென்ட் இல்லாத சீல்களை வாங்கவே கூடாது என்றில்லை. ஆனால் அவற்றை ஒட்டியவர் நோயாளியின் பக்கத்தை விட்டு நகரக் கூடாது.

ஒட்டும்போது: காயத்தைச் சுற்றி அழுத்தித் துடைத்து, மூச்சு வெளியே விட்ட நேரத்தில், வென்ட் சரியாக ஓட்டைக்கு மேல் வரும்படி வைத்து, ஓரங்களை உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இரட்டைப் பாக்கெட்டாக வாங்குங்கள். குண்டோ கத்தியோ உள்ளே போன வழி ஒன்றென்றால் வெளியே வந்த வழி இன்னொன்றாக இருக்கலாம். முதுகும் அக்குளும்தான் பார்க்காமல் விட்டுப்போகும் இடங்கள். ஒட்டிய பிறகு மூச்சு மோசமானால் சீலின் ஓரத்தைத் தூக்கிக் காற்றை விடுங்கள், அதற்கும் கேட்காவிட்டால் ஊசி. நெஞ்சில் கத்தி செருகியே இருந்தால் உருவாதீர்கள், சுற்றி அணைகட்டி அப்படியே கொண்டுபோங்கள். சீல் தற்காலிகம். பின்னால் டியூப் வேறு இடத்தில் புதிய வெட்டு வழியாகத்தான் போக வேண்டும், காயத்தின் வழியாக அல்ல.

பிளேடு, விரல், டியூப்

முதலில் ஒன்றை வெளியே எறிவோம்: டியூபுக்குள் கூர்முனைக் கம்பியோடு வரும் ட்ரோக்கார். நுரையீரல், இதயம், கல்லீரல் எதையும் விட்டுவைக்காத சாமான் அது. சில கிட்களில் இன்னும் அதோடுதான் டியூப் வருகிறது. கம்பியை உருவிப் போட்டுவிட்டு டியூபை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டில் இருக்க வேண்டியவை: 10ஆம் நம்பர் பிளேடும் பிடியும், நீளமான வளைந்த ஃபோர்செப்ஸ் இரண்டு, ஊசி பிடிக்கும் ஹோல்டர், கத்தரி, வெட்டு ஊசியோடு 0 அல்லது 1 நம்பர் சில்க், மரத்துப்போக வைக்கும் 1 சதவீத லிக்னோகெய்ன், சிரிஞ்ச், காஸ், ஸ்டெரைல் துணி. ஃபோர்செப்ஸ்தான் கிட் கம்பெனிகள் சிக்கனம் பார்க்கும் இடம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய தகட்டு ஃபோர்செப்ஸ் விலா இடைத் தசைக்குள் போனதும் வளைந்துவிடும், வாயை விரிக்கவே முடியாது. கையில் எடுத்து, மடித்த துண்டுக்குள் விட்டு விரித்துப் பாருங்கள். வளைந்தால் நிராகரியுங்கள்.

இடம், பாதுகாப்பு முக்கோணம்: முன்னால் மார்புத் தசையின் வெளி விளிம்பு, பின்னால் முதுகின் அகன்ற தசையின் முன் விளிம்பு, கீழே முலைக்காம்பு மட்டம். பெண்களுக்கு மார்பகத்தின் கீழ் மடிப்பை வைத்து எண்ணலாம். லிக்னோகெய்ன் அட்ரினலின் இல்லாமல் கிலோவுக்கு 3 மி.கி. வரை; 60 கிலோ ஆளுக்கு 180 மி.கி., அதாவது 1 சதவீத மருந்தில் 18 மிலி. தோலில் தாராளமாகப் போட்டுவிட்டு விலா எலும்பின் உறைக்கும் ப்ளூராவுக்கும் மிச்சம் வைக்காமல் விடுவது வழக்கமான தவறு. வலி அதிகம் இருப்பதே அந்த இரண்டு இடத்தில்தான். சுயநினைவோடு இருப்பவருக்கு சிரை வழி வலி மருந்தும் சேர்த்துக் கொடுங்கள்.

விலாவுக்கு இணையாக 3 முதல் 4 செ.மீ. வெட்டு. மூடிய ஃபோர்செப்ஸை விலாவின் மேல் விளிம்பில் உரசியபடி, மற்றொரு கையால் முன்பகுதியில் அணை கொடுத்து உள்ளே தள்ளுங்கள். அணை இல்லாவிட்டால் தளர்வு வந்த வேகத்தில் முழு நீளமும் உள்ளே போய்விடும். நுழைந்ததும் வாயை விரித்து, விரித்தபடியே வெளியே இழுங்கள். பிறகு விரல். நுரையீரல் விரலில் வந்து முட்டுகிறதா, ஒட்டிக்கொண்டிருக்கிறதா, கட்டி ரத்தம் இருக்கிறதா, கீழே உதரவிதானம் முழுசாக இருக்கிறதா என்று ஒரு சுற்றில் தெரிந்துவிடும். உடைந்த விலா முனை ரம்பம் போலிருக்கும், இரட்டைக் கையுறை போடாமல் விரலை விடாதீர்கள்.

வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அழுத்தத்தோடு உள்ளே போகும் காற்று நுரையீரலை விரிக்கும், அதிகக் காற்று வெட்டு வழியாக வெளியே வரும். மறுபடி மோசமானால் மறுபடி விரல். நெஞ்சுக் காயத்தால் இதயம் நின்று வந்தவருக்கும் இதுதான், இரண்டு பக்கமும். இதய அமுக்கத்துக்காக இதைத் தள்ளிப்போடக் கூடாது. தானாக மூச்சு விடுபவருக்கு மட்டும் வெட்டைத் திறந்து விடக் கூடாது. அவர் இழுக்கும் மூச்சு அந்த வழியாகவே உள்ளே போகும்.

டியூபின் அளவு பெரியவர்களுக்கு 28 முதல் 32 ஃப்ரெஞ்ச். ஃப்ரெஞ்ச் எண்ணை மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டரில் வெளிவிட்டம். 28 என்றால் 9 மி.மீ.க்குச் சற்று மேல். ரத்தம் இருந்தால் 36, 40 என்று குழாயைத் திணித்த காலம் போய்விட்டது. பிபி நிலையாக இருப்பவருக்கு நுனி சுருண்ட மெல்லிய 14 ஃப்ரெஞ்ச் பிக்டெய்ல் டியூபே பல நேரம் போதும், வலியும் குறைவு. நிலைகுலைந்து கொண்டிருப்பவருக்கு அதைப் போட உட்காராதீர்கள். குழந்தைகளுக்கு மூச்சுக்குழாய்க்குள் போடும் எண்டோட்ரக்கியல் டியூபின் அளவை நான்கால் பெருக்கினால் ஏறத்தாழச் சரியாக வரும்: 4 நம்பர் டியூப் போடும் குழந்தைக்கு 16 ஃப்ரெஞ்ச்.

டியூபின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் எக்ஸ்ரே கோட்டைப் பாருங்கள். கடைசிப் பக்க ஓட்டை அந்தக் கோட்டின் மேல்தான் வெட்டப்பட்டிருக்கும், எக்ஸ்ரேயில் கோடு அறுந்த இடமாகத் தெரியும். அறுந்த இடம் விலாக்களுக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே இருந்தால் தோலுக்கடியில் காற்று ஏறி உடம்பு நொறுநொறுவென்று வீங்கும், பாட்டிலில் குமிழி ஓயாது. டியூபை இன்னும் உள்ளே தள்ளிச் சரிசெய்யலாம் என்று தோன்றும். வெளியே இருந்த பகுதி ஸ்டெரைல் இல்லை, தள்ளினால் சீழைக் கூப்பிட்டு வைத்த மாதிரி. புதிய டியூப்தான் போட வேண்டும். போட்டதும் எக்ஸ்ரே, எப்போதும்.

தையல் போட்டு டியூபைக் கட்டும்போது நூல் டியூபை லேசாக நெரிக்கும் அளவு இறுக வேண்டும். தளர்ந்த முடிச்சில் டியூப் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இணைப்புகளில் பிளாஸ்டரை நீளவாக்கில் ஒட்டுங்கள். சுற்றிச் சுற்றி மூடிவிட்டால் உள்ளே கழன்றது கண்ணுக்குத் தெரியாது.

பாட்டில்: குறைத்து மதிப்பிடப்படும் சாமான்

ஒற்றைப் பாட்டிலில் இரண்டு குழாய்கள். நீளமானது தண்ணீருக்குள் 2 செ.மீ. மூழ்கியிருக்கும், அதில்தான் நோயாளியின் டியூப் சேர வேண்டும். குட்டையானது வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும். மாற்றி மாட்டினால் காற்று வெளியேற வழியே இல்லை, உள்ளே மறுபடி டென்ஷன் கட்டும். வாங்கும்போது இரண்டு முனைகளும் ஒரே மாதிரி, ஒரே நிறத்தில் இருக்கும் பாட்டிலை நிராகரியுங்கள். இரவு மூன்று மணிக்கு, கையெல்லாம் ரத்தத்தோடு, அது தப்பாகத்தான் மாட்டப்படும். குட்டைக் குழாயில் தூசு மூடி ஒன்றும் வரும். அதையும் கழற்றியாயிற்றா என்று பாருங்கள்.

2 செ.மீ. என்பது சும்மா எழுதிய எண் அல்ல. குழாய் எவ்வளவு ஆழமோ அவ்வளவு அழுத்தத்தை மீறித்தான் காற்று வெளியே வர முடியும். ஒற்றைப் பாட்டிலின் அடிப்படைக் குறை இதில்தான் இருக்கிறது. 2 செ.மீ.யில் ஆரம்பித்த பாட்டிலில் முக்கால் லிட்டர் ரத்தம் சேர்ந்தால் நுனி 8, 10 செ.மீ. ஆழத்துக்குப் போய்விடும், மேலே நுரையும் கட்டும். காற்று மட்டும் இருந்தால் ஒற்றைப் பாட்டில் போதும். காயத்தில் காற்று மட்டும் இருப்பது அபூர்வம். ரத்தம் தனியாக ஓர் அறையில் சேர்ந்து, நீர்ச்சீல் வேறு அறையில் மட்டம் மாறாமல் இருக்கும் மூன்றறை யூனிட்டை வாங்குங்கள். இந்தப் பெட்டியில் கூடுதல் காசு கொடுக்க ஒரே ஒரு இடம் என்றால் அது இதுதான். சேகரிப்பு அறை 2 லிட்டருக்குக் குறையாமல், அளவுக் கோடு தூரத்திலிருந்தே படிக்கும்படி இருக்கட்டும்.

அந்தக் கோடுகள்தான் சர்ஜனைக் கூப்பிடும் நேரத்தைச் சொல்பவை. டியூப் போட்டதும் 1500 மிலி வந்தாலோ, அதன் பிறகு மணிக்கு 200 மிலி வீதம் 2 முதல் 4 மணி நேரம் வந்துகொண்டே இருந்தாலோ, ரத்தம் ஏற்றியும் பிபி நிற்காவிட்டாலோ ஆபரேஷன் தியேட்டர் தயாராக வேண்டும். வந்த ரத்தத்தின் மட்டத்தில் பிளாஸ்டர் ஒட்டி மணியை எழுதுங்கள். இவ்வளவு ரத்தம் போனவருக்கு லிட்டர் கணக்கில் சலைன் ஓட்டாமல் ரத்தம் ஏற்றுங்கள். அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் ரத்தக்கசிவைக் குறைக்கும் ட்ரனெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம் 10 நிமிடத்தில், பிறகு 1 கிராம் 8 மணி நேரத்தில். வேகமாக வந்த ரத்தம் சட்டென்று நின்றால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். டியூப் அடைத்திருக்கலாம். ஊசலாட்டம் இருக்கிறதா என்று பார்த்து எக்ஸ்ரே எடுங்கள்.

ஊசலாட்டம் என்பது மூச்சோடு குழாயில் தண்ணீர் ஏறி இறங்குவது. நின்றால் டியூப் மடங்கியோ அடைத்தோ இருக்கிறது, அல்லது நுரையீரல் முழுக்க விரிந்துவிட்டது. அடிபட்ட முதல் மணி நேரங்களில் இரண்டாவதை நம்புவதற்கு முன் முதலாவதைத் தேடுங்கள். நோயாளி டியூபின் மேல் படுத்திருப்பார், அல்லது கட்டிலோரம் டியூப் தொங்கி வளைந்து அந்த வளைவில் ரத்தம் தேங்கியிருக்கும். குமிழி ஓயாமல் வந்தால் நெஞ்சருகே டியூபை ஒரு கணம் கிள்ளுங்கள்: நின்றால் கசிவு நோயாளிப் பக்கம், நிற்காவிட்டால் கசிவு இணைப்புகளில். நோயாளிப் பக்கமே பெருங்கசிவாக இருந்து நுரையீரலும் விரியாவிட்டால் மூச்சுக்கிளை கிழிந்திருக்கலாம். அதற்கு இரண்டாவது டியூபும், மூச்சுக்கிளைக்குள் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பும் தேவை.

குமிழி விடும் டியூபைக் கிளாம்ப் போட்டு ஆளை இடம் மாற்றுவது இன்னும் ஒழியாத பழக்கம். கிளாம்ப் போட்டால் காற்று எங்கே போகும்? பாட்டிலை நெஞ்சு மட்டத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு, கிளாம்ப் இல்லாமல் கொண்டுபோங்கள். கால்களுக்கு நடுவே ஸ்ட்ரெச்சர் மேல் வைத்தால் தண்ணீர் நெஞ்சுக்குள் திரும்பலாம். சக்‌ஷன் வேண்டுமென்றால் 10 முதல் 20 செ.மீ. நீரழுத்தம் வரை, குறைந்த அழுத்த மானி வழியாக மட்டும். சளி உறிஞ்சும் சுவர்க் குழாயை நேராக மாட்டாதீர்கள். நிறுத்திவிட்ட சக்‌ஷனோடு பாட்டிலை இணைத்தே வைப்பதும் வாய்மூடியதற்குச் சமம்.

டியூப் முனையில் மாட்டும் ஒருவழி வால்வான ஹைம்லிக் வால்வு ஆம்புலன்ஸுக்கு வசதி, தண்ணீர் தேவையில்லை, சாய்ந்தாலும் கவலையில்லை. அசல் வடிவத்தில் நீல முனை நோயாளிப் பக்கம். ரத்தம் வந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் இதழ் ஒட்டிக்கொள்ளும். காற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பெட்டிக்கு வெளியே

அல்ட்ராசவுண்ட் பெட்டிக்குள் வராது, ஆனால் பக்கத்தில் இல்லாவிட்டால் பாதிக் கண் குருடு. மல்லாந்து படுத்திருப்பவரின் நெஞ்சில் காற்று முன்னால் ஏறி நிற்கும், எக்ஸ்ரே அதைத் தவறவிடும். நேர்கோட்டு ப்ரோபை முன்நெஞ்சில் வைத்து ப்ளூராக் கோடு வழுக்குகிறதா என்று பாருங்கள். வழுக்கினால் அந்த இடத்தில் நியூமோதோராக்ஸ் இல்லை. வழுக்காததற்கு வேறு காரணங்களும் உண்டு: பழைய ஒட்டுதல், மூச்சு நின்றது, முன்பு சொன்ன வலது பக்கம் இறங்கிய டியூப். ரத்தமும் அப்படித்தான். நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் 200 மிலி தெரியும். படுக்கவைத்து எடுத்ததில் ஒரு லிட்டர்கூட வெறும் மங்கலாகத் தெரிந்து ஏமாற்றும். பிபி விழுந்த டென்ஷனுக்கு மட்டும் மெஷினைத் தேடி ஓடாதீர்கள்.

விலா முறிவுக்கும் இந்தப் பெட்டியில் மருந்தில்லை. அடுத்தடுத்த விலாக்கள் இரண்டு இடத்தில் உடைந்து ஒரு துண்டு எதிர்த்திசையில் அசைந்தால் அதைக் கட்டுப்போட்டு இறுக்குவது உதவாது. வலியைக் குறைத்து இருமவும் ஆழமாக மூச்சு விடவும் வைப்பதே சிகிச்சை. பாராசிட்டமால், ஓபியாய்டு, முடிந்தால் நரம்பு பிளாக். 65 வயதுக்கு மேற்பட்டவருக்கு இரண்டு மூன்று விலா உடைந்ததே பெரிய நோய்தான், வீட்டுக்கு அனுப்ப அவசரப்படாதீர்கள்.

வாங்கலாமா என்றால்: கட்டி விற்கும் கிட்களில் சீலும் ஊசியும் நன்றாக இருக்கின்றன, ஃபோர்செப்ஸ் சுமார், பாட்டில் பெரும்பாலும் உள்ளேயே இருப்பதில்லை. நீள ஊசியையும் சீலையும் விலைக்கு வாங்கி, வெட்டுச் செட்டை மருத்துவமனை ஸ்டெரைல் பிரிவிலேயே கட்டவைத்து, மூன்றறை யூனிட்டைத் தனியாக வாங்குவது எங்கள் பரிந்துரை. டியூபின் பின்முனையும் பாட்டிலின் இணைப்பியும் வெவ்வேறு கம்பெனியாக இருந்தால் பொருந்தாமல் போவது உண்டு. ஒரு பழைய டியூபை மாட்டி, இழுத்துப் பார்த்து, தண்ணீர் ஊற்றி ஊதிப் பார்த்த பிறகே மொத்தமாக ஆர்டர் கொடுங்கள். பொருந்தும் இணைப்பியில் இரண்டைப் பெட்டி மூடியின் உட்பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். சீலின் பசை சூட்டில் கெடும், அதனால் ஆம்புலன்ஸில் வைக்கும் பெட்டியில் உறையில் உள்ள தேதிக்குக் காத்திருக்காமல், ஓரம் சுருங்கியோ பசை வழிந்தோ இருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள்.